முதுகில் ஒரு கிளிப்

பெண்களுக்கான அந்தப் பளபளப்புப் பத்திரிகையில், அட்டைப்படத்துக்கு உடை அலங்காரம் செய்கிறவளின் உண்மைப் பெயரைக் கேட்டால் அலுவலகத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். எல்லோருக்கும் அவள் கிளிப்பக்கா. காகிதக் கட்டைக் கவ்விப் பிடிக்கும் கறுப்பு இரும்புக் கிளிப்புகள் இருக்கின்றனவே, அவற்றை ஒரு நாடாவில் வரிசையாக மாட்டி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நடமாடுவாள். நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். அது கேட்டதும், வேலை செய்யாமல் அரட்டை அடிப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

படப்பிடிப்புக்காகக் கடைகளிலிருந்து இரவல் வரும் உடை எந்தக் காலத்தில் ஆளுக்குப் பொருந்தியிருக்கிறது? முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்து இழுத்துக் கிளிப் போட்டால், முன்பக்கம் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். நீங்கள் அட்டையில் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அத்தனை அழகிகளையும் திருப்பி நிறுத்திப் பார்த்தால் சிரிப்பு வரும். அதைத் தொழில் ரகசியம் என்றுகூடச் சொல்ல முடியாது. தொழிலே அதுதான்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிளிப்பைப் போட்ட கைதான் அதை எடுக்க வேண்டும். சாமி சமாச்சாரம் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு துணியைக் கவ்வியிருக்கிறது என்று போட்டவளுக்குத்தான் தெரியும். வேறு யாராவது வெடுக்கென்று இழுத்தால் இரவல் துணி கிழியும், கடைக்காரன் உயிரை எடுப்பான். இத்தனை வருஷத்தில் கிளிப்பக்கா அந்த வழக்கத்தை மீறியதே இல்லை. மீறிய ஒரே ஒரு நாளும் சொந்த அண்ணியின் விஷயத்தில் என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அண்ணி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். பிரசவப் பிரிவின் மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. பிள்ளை பெற்றவர்களுக்கு வாளி வாளியாகச் சுமந்து ஏறி, கடைசியில் ஒருநாள் கடுப்பாகி வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கவுன்சிலர் ஆனாள். தண்ணீர் ஏற்றுவதற்கென்று வாங்கிய மோட்டார் மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் ஆஸ்பத்திரி முற்றத்திலேயே கிடந்தது. அதை மாட்ட வைக்காமல் விடுவதில்லை என்று இப்போது மேயர் பதவிக்கு நின்றாள். காசு பணம் கிடையாது, பின்னால் பெரிய ஆள் கிடையாது. குரல் ஒன்றுதான் அவளுடைய சொத்து. மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும். அவள் தன் புருஷனை, அதாவது கிளிப்பக்காவின் அண்ணனை, சாப்பிடக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு உட்காருவார் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

தேர்தல் சிறப்பிதழில் இரண்டு வேட்பாளர்களையும் போடலாம் என்று யோசனை சொன்னதே கிளிப்பக்காதான். அண்ணிக்கு ஒரு நல்லது செய்கிறோம் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

அன்று காலையில் முதலில் வந்தவர் பதவியில் இருக்கிற மேயர். சட்டை கசங்கியிருந்தது, காலரில் டீக்கறை. கிளிப்பக்கா நாடாவை அவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் போனாள். மேடம் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். மேடம் என்றால் பத்திரிகையின் ஆசிரியை. தேனொழுகப் பேசுவாள், நினைத்ததைச் சாதிப்பாள்.

"அவரை அப்படியே விட்டுடும்மா. உழைக்கிற மனுஷன்னு பார்த்தாலே தெரியட்டும்."

மேயர் சாய்ந்து உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, நகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். புகைப்படக்காரர் அவர் பேசப் பேச எடுத்தார். டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது.

அடுத்து அண்ணி வந்தாள். தெருக் கூட்டத்திலிருந்து நேராக வந்தவள், பருத்தி உடையில், வேர்த்து விறுவிறுத்து. மேடம் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"ஐயோ, இது ரொம்பக் களைச்ச மாதிரி காட்டுதே. அந்த நீலக் கோட்டை எடு."

நீலக் கோட் தோளிலிருந்து வழிந்தது. கிளிப்பக்கா பின்னால் போய் நின்று ஒன்று போட்டாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள் மேடம். இன்னொன்று போட்டாள். "இடுப்பே தெரியலியே." அதற்கும் போட்டாள். முதுகு நெடுக வரிசையாகக் கிளிப்புகள் ஏறின. அண்ணியோ முன்னால் உட்கார்ந்த நிருபரிடம் மோட்டார் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் பேசாம இருங்க. நீங்க பேசினா துணி அசையுது" என்றாள் கிளிப்பக்கா.

"அடிப்பாவி! பேசறதுக்குத்தானே வந்தேன்" என்று அண்ணி சிரித்தாள். ஆனாலும் நாத்தனார் பிழைப்பு கெடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். படம் பிரமாதமாக வந்தது.

முடிந்ததும் மேடம் படம் தேர்ந்தெடுக்கக் கிளிப்பக்காவைக் கணினி பக்கம் கூப்பிட்டுவிட்டாள். அண்ணிக்கோ அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. யாரோ ஒரு உதவியாள் கோட்டை உருவி, கிளிப்புகளைப் பிடுங்கி ஒரு தட்டில் போட்டாள். கிளிப்பக்கா திரும்பி வந்து அவற்றை நாடாவில் மாட்டும்போது ஒன்று குறைந்தது. வாய் கோணிய பழைய கிளிப், அவள் முதன்முதலாக வாங்கியது. மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள். கிடைக்கவில்லை. போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணியிடமிருந்து போன்.

"ஏய், என் முதுகுல ஒரு கிளிப்பை விட்டுட்டியா? நடு முதுகுல கவ்வுது."

"கோட் நேத்தே கடைக்குப் போயிடுச்சே அண்ணி."

"அதான் எனக்கும் புரியல. குளிச்சேன், வேற துணி மாத்தினேன். இன்னும் கவ்வுதுடி."

"நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தா முதுகு பிடிக்காம என்ன பண்ணும்? தைலம் தேய்ங்க" என்று கிளிப்பக்கா சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மூச்சு வாங்கியது.

இதழ் வெளிவந்தது. மேயருக்கு உள்ளே பக்கம் பக்கமாக, 'என் நகரம், என் கனவு'. அண்ணிக்கு அட்டை. உள்ளே அவள் மோட்டாரைப் பற்றிச் சொன்னதில் ஒரு வரிகூட இல்லை. 'இந்தத் தோற்றம் உங்களுக்கும் வேண்டுமா?' என்று தலைப்புப் போட்டு, கோட் எந்தக் கடை, காதணி எந்தக் கடை, முகத்துக்கு என்ன பூசியிருக்கிறாள் என்று ஒரு கட்டம். கிளிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மேடம் தோளைத் தட்டி, "அட்டை அபாரம்! தலைமை அலங்காரப் பொறுப்புக்கு ஆள் தேடறோம், தெரியுமில்ல?" என்றதும், அந்தச் சுருக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. மனுஷி மனசு அப்படித்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஊருக்கே வேறு வேலை இல்லாமல் போயிற்று. ஏழைகளுக்காகப் பேசுகிறவளுக்கு இவ்வளவு விலையில் கோட்டா என்று ஒரு தொலைக்காட்சி கேட்டது. அண்ணி மறுநாளே தன் பழைய பருத்தி உடையில் போனாள். தன்னையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் நகரத்தைப் பார்த்துக்கொள்வாளா என்று இன்னொன்று கேட்டது. சிரித்தால் பல் தெரிகிறது என்றார்கள். சிரிக்காவிட்டால் திமிர் என்றார்கள். மேயர் அதே டீக்கறைச் சட்டையில் வாரக்கணக்காக வலம் வந்தார். எளிமை, எளிமை என்று எல்லோரும் உருகினார்கள். அடப் போங்கய்யா.

அதே நாட்களில்தான் கிளிப்பக்காவின் நாடாவில் கிளிப்புகள் குறைய ஆரம்பித்தன. காலையில் எண்ணி மாட்டிக்கொண்டு வருவாள். மதியம் பத்திரிகையோ தொலைக்காட்சியோ அண்ணியின் தலைமுடியைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கும். கையை இடுப்புக்குக் கொண்டுபோனால் நாடாவில் ஒரு இடம் காலியாக இருக்கும். முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து அலுவலகம் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். புதிதாக ஒரு பெட்டி வாங்கி மாட்டினாள். அவையும் ஒவ்வொன்றாகப் போயின.

அண்ணியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன ஒரு நிமிர்வு!" என்று வியந்தார்கள். தோள்பட்டைகள் பின்னுக்கு இழுத்துக் கட்டினாற்போல் நின்றன. எந்தத் துணி உடுத்தினாலும் கச்சிதமாக இருந்தது. எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் படம் அழகாக வந்தது. பேச்சுதான் குறைந்துகொண்டே போயிற்று. முதலில் நீளமான வாக்கியங்கள் நின்றன. பிறகு நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள்.

அண்ணன் போன் செய்தான். "நீ ஒரு தடவை வந்து பாரேன். மல்லாந்து படுக்க மாட்டேங்கறா. டாக்டர் ஒண்ணுமே இல்லைங்கறார். எனக்கு பயமா இருக்கும்மா." அவன் குரல் உடைந்தது. அண்ணன் அப்படிப்பட்டவன்தான். அண்ணியின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறவன், கூட்டத்தில் அவள் பேசும்போது தன்னையறியாமல் வாயசைப்பவன்.

கிளிப்பக்கா பட்டப்பகலில்தான் போனாள். வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. அண்ணி சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தேர்தலுக்கு முந்திய தொலைக்காட்சி விவாதத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் போட்டுக்கொள்கிற தொளதொள அங்கி. அண்ணன் சைஸ் தெரியாமல் வாங்கி வந்தது, இரண்டு பேர் நுழையலாம்.

அந்த அங்கியின் முதுகுத் துணி, கழுத்திலிருந்து இடுப்புவரை கொத்துக் கொத்தாக இழுபட்டு, மடிப்பு மடிப்பாக நின்றது. எதுவும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வெறும் காற்றில் நின்றது.

கிளிப்பக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். மெல்லக் கிட்டே போய் ஒரு மடிப்பின் நுனியைத் தொட்டாள். விரலில் சில்லென்று இரும்பு பட்டது. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. தடவினாள். இரண்டு காது, நடுவில் முதுகுமேடு, கீழே கவ்விய வாய். எத்தனை வருஷமாகப் பழகிய சாமான், கைக்குத் தெரியாதா?

"என்னடி... இருக்கு... அங்க?" என்று அண்ணி திரும்பாமலே கேட்டாள். திரும்ப முடியவில்லை என்பதுதான் சரி.

கிளிப்பக்கா கையை உதறி எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல அண்ணி. துணி சுருங்கியிருக்கு."

ஏன் அப்படிச் சொன்னாள்? பயம். உண்மையைச் சொன்னால் இது யார் கைவேலை என்ற கேள்வி வரும். அது வந்தால் அட்டைப்படம் வரும், புதுப் பதவி வரும், பேசாம இருங்க என்று சொன்ன அவள் வாய் வரும். அண்ணி கொடுத்த காப்பியை மடக்கென்று குடித்துவிட்டு, வெயிலில் விடுவிடென்று நடந்து போனாள். வழியெல்லாம் தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

விவாத நாள் வந்தது. நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியும் பத்திரிகையும் சேர்ந்து நடத்தின. அண்ணியின் உடைக்கு மேடம் கிளிப்பக்காவைத்தான் அனுப்பினாள். "அதே நீலக் கோட். அட்டையில பார்த்த மாதிரியே இருக்கணும். ஊரே பார்க்கும்."

ஒப்பனை அறையில் கண்ணாடியைச் சுற்றி விளக்குகள். கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், சாய முடியாமல். படப்பிடிப்பில் தோளிலிருந்து வழிந்த அதே கோட், இப்போது கிளிப் போடாமலே கச்சிதம். உதடு வெளுத்திருந்தது. கோட்டுப் பையில் குறிப்புத் தாள் துருத்திக்கொண்டிருந்தது. ஒப்பனைக்காரர் பவுடர் பூசி முடித்து வெளியே போனதும், அண்ணி கண்ணாடி வழியாகவே நாத்தனாரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள். மூச்சு. "நீ போட்டது." மூச்சு. "நீயே எடு. இன்னிக்கு ஒருநாள்... பேசணும்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் கெஞ்சியதுதான் தாங்க முடியவில்லை. கிளிப்பக்கா பொலபொலவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே பின்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கையால் தேடினாள். கழுத்தடியில் ஒன்று. அழுத்தினாள், வாய் திறந்தது, உருவினாள். பக்கத்திலிருந்த தகரத் தட்டில் போட்டாள். 'டக்' என்று விழுந்த சத்தம் கேட்டது. தட்டைப் பார்த்தால் காலி.

ஒவ்வொன்றாக எடுத்தாள். புதுப் பெட்டியிலிருந்து போனவை விறைப்பாக இருந்தன, விரல் நோக நோகக் கழற்றினாள். கண்ணுக்குத் தெரியாத சாமான்கள் தட்டில் குவிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கடைசியாக நடு முதுகில், சதையோடு சேர்த்துக் கவ்வியிருந்த வாய் கோணிய கிளிப். அதை எடுத்ததும் கோட் தொப்பென்று தளர்ந்து தோளிலிருந்து வழிந்தது.

அண்ணி மூச்சை இழுத்தாள். தண்ணீருக்கு அடியிலிருந்து வெளியே வந்தவள் இழுப்பதுபோல் இழுத்தாள்.

"அம்மாடி!" என்றாள். நடைவழியில் போன ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று எட்டிப் பார்த்தார். அண்ணியும் நாத்தனாரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

விவாதம் தொடங்கியது. கிளிப்பக்கா அரங்கத் தட்டிக்குப் பின்னால், திரை ஒன்றின் எதிரே ஒப்பனைக்காரரோடு நின்றாள். மேயர் கசங்கிய சட்டையில் சாவகாசமாகப் பேசி முடித்தார். அண்ணி ஆரம்பித்தாள். ஆகா, அந்தக் குரல்! ஒலிப்பதிவுக்காரர் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டு, வாளி, முற்றத்தில் கிடக்கும் மோட்டார், அதற்குக் கையெழுத்துப் போட்ட கை எது, எல்லாம் சரமாரியாக வந்தது. மேயர் காலாட்டுவதை நிறுத்தினார்.

கிளிப்பக்காவின் காதில் மாட்டியிருந்த கருவியில் மேடம் சீறினாள். "என்ன கண்றாவி இது? மூட்டை கட்டின மாதிரி இருக்கா! விளம்பர இடைவேளையில போய் ஏதாவது பண்ணு."

"அவங்க பேசறதைக் கேளுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கருவியைப் பிடுங்கிப் பையில் போட்டாள் கிளிப்பக்கா. வாழ்க்கையில் முதன்முறையாக முதுகெலும்போடு ஒரு காரியம் செய்ததாக அவளுக்கே பெருமையாக இருந்தது.

திரையைப் பார்த்தாள். வலது தோளில் ஒரு சுருக்கம். கோட் அங்கே மட்டும் உப்பிக்கொண்டு நின்றது. இரண்டு விரல் அளவுதான். இரண்டே விரல் துணியை உள்ளே தள்ளினால் சரியாகிவிடும்.

டக்.

திரையில் சுருக்கம் மறைந்தது. அண்ணியின் குரல் ஒரு சொல்லில் தடுக்கி, மூச்சு வாங்கி, தொடர்ந்தது. கிளிப்பக்கா தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று அழுந்தியிருந்தன. அவள் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

 விரல்களைப் பிரித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அண்ணியின் மூச்சு மறுபடி சீரானது. கண்ணை மூடிய இருட்டில்தான் அண்ணி சொல்வது முழுசாகக் காதில் விழுந்தது. படப்பிடிப்பு அன்று சொன்ன அதே கதை. மேல் மாடியில் தண்ணீருக்குக் காத்திருந்து செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி அதில் இருந்தது. அன்று கிளிப்பக்கா அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறியிருக்கவில்லை.

"நல்லாத்தான் பேசறாங்க," என்றார் பக்கத்தில் நின்ற ஒப்பனைக்காரர். "ஆனா அந்தக் கோட்டைக் கொஞ்சம் இழுத்து விட்டிருக்கலாம்."

டக்.

"வேணாம், பார்க்காதீங்க! சார், தயவுசெஞ்சு கண்ணை மூடிக்கோங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போட்ட கைதான் எடுக்க வேண்டும். போட்டதே தெரியாதவரை எப்படி எடுக்கச் சொல்வது? கேமரா பக்கமிருந்து டக். மேலே விளக்குகளின் பக்கமிருந்து டக், டக். சுவருக்கு அந்தப் பக்கம், தெருவிலிருந்தும் கேட்க ஆரம்பித்தது. அண்ணி இன்னும் விடவில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு, மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று இழுத்துப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் செத்த பெண்ணின் பெயரைச் சொல்லப் போகிறேன் என்றாள்.

பையில் போன் அதிர்ந்தது. அண்ணன். வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான், அவளோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டு. அவனாவது கேட்டுக்கொண்டிருப்பான் என்று கிளிப்பக்கா போனை எடுத்தாள். வந்திருந்த செய்தியைப் படித்தாள்.

"நல்லா பேசறா. ஆனா கோட் ஏன் இப்படித் தொளதொளன்னு இருக்கு? நீ பக்கத்துல இல்லையா?"

டக்.

அரங்கில் சத்தம் நின்றது. கிளிப்பக்கா நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அண்ணியின் வாய் திறந்தபடியே இருந்தது, பெயர் வெளியே வரவில்லை. கோட் வெகு அழகாகப் பொருந்தியிருந்தது.